எண்ணெய்க்குப் புள்ளியிடும் முறை: தேய்மானப் பரிசோதனைகளை விளங்கிக்கொள்ளல்

உழவு இயந்திரத்துக்கோ நீரிறைக்கும் இயந்திரத்துக்கோ எண்ணெய் வாங்கச் செல்லும் கமக்காரர் கடையில் முதலில் விசாரிப்பது விலையையே. அதன் பின்னர் கேட்பது, "இவற்றுள் எது நல்லது?" என்பதாகும். இவ்விரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் தகரத்தின் நிறத்தையும் விளம்பரத்தின் ஆரவாரத்தையும் பொறுத்ததாகவே அமைகின்றது. எண்களைக் காட்டி விற்போரும் உளர். "இந்த எண்ணெய் தேய்மானப் பரிசோதனையில் 0.40, மற்றையது 0.60" என்பர். எண்ணைக் கண்டதும் மனம் நம்பிவிடுகின்றது. அவ்வெண் எவ்வாறு பெறப்பட்டது, அது எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறாது விடுகின்றது என்பவற்றைக் கமக்காரரும் அறிந்திருத்தல் வேண்டும்.

இஃது ஆய்வுகூடத்தாருக்கு மட்டும் உரிய விடயமன்று. குளத்து நீர் திறந்துவிடும் நாள் குறிக்கப்பட்டபின் சேற்றுழவு நாள் தவறாது நடைபெறல் வேண்டும். அவ்வேளையில் எஞ்சின் புகை கக்கி வலுவிழந்து நின்றுவிடின், லைனரும் றிங்குகளும் மாற்றும் செலவு ஒருபுறமிருக்க, விதைப்புப் பிந்துதலால் வரும் நட்டம் மறுபுறம் வந்து சேரும். மிளகாய், வெங்காயம் செய்வோருக்கும் இதே கதிதான். கோடை வெயிலில் மூன்று நாள் இறைப்பு இல்லையெனின் பயிரின் நிலை என்னவென்பதை நான் உங்களுக்குக் கூற வேண்டியதில்லை.

தேய்மானம் நிகழும் இடங்கள்

எஞ்சின் ஒயில் என நாம் வழங்கும் உராய்வு நீக்கி எண்ணெயின் முதற் கடமை, ஒன்றன்மீது ஒன்று அசையும் இரு உலோகங்களுக்கிடையே மெல்லிய படலமாக நின்று அவற்றைப் பிரித்து வைத்தலாகும். வண்டில் அச்சுக்குக் கொழுப்பும் கிறீசும் பூசியதன் நோக்கமும் இதுவே. சுழலும் தண்டு தன் பேரிங்கினுள் வேகமாகச் சுழலும்பொழுது எண்ணெயைத் தானே இழுத்துத் தன்னடியில் ஆப்புப் போலச் செலுத்திக்கொள்ளும். அங்கே உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் இவ்வாறு நிகழ்வதில்லை. பிஸ்ரன் உச்சிக்குச் சென்று திரும்பும் கணத்தில் அதன் வேகம் பூச்சியமாகின்றது. வெடிப்பின் வெப்பமும் அமுக்கமும் மிகுந்திருப்பதும் அவ்விடத்திலேயே. எண்ணெய்ப் படலம் அங்கே மெலிந்து அறுந்துபோகும். பழைய லைனரின் மேற்பகுதியில், மேல் றிங் வந்து நிற்கும் இடத்தில், விரல் நகத்துக்குத் தட்டுப்படும் ஒரு படி விழுந்திருப்பதன் காரணம் இதுவாகும். வால்வைத் தள்ளும் கேம் தண்டின் மூக்கிலும், கியர்ப்பெட்டியின் பற்களிலும் இதே நெருக்கடி உண்டு.

இத்தகைய இடங்களைக் காப்பதற்காகவே எண்ணெயிற் சில இரசாயனப் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. அவற்றுள் முக்கியமானது துத்தநாகம், பொசுபரசு, கந்தகம் ஆகியவை கொண்ட ஒரு சேர்வை. இது வெப்பமும் உராய்வும் கூடிய இடத்தில் உலோகத்தின் மீது மிக மெல்லிய தோல் போன்ற படையொன்றை உண்டாக்கும். தேய்வது அத்தோல், மீண்டும் உண்டாவதும் அத்தோல். உலோகம் தப்பிக்கொள்ளும். இச்சேர்வை எண்ணெயில் உள்ளவரைதான் இப்பாதுகாப்பு. ஓட ஓட அது செலவாகிவிடுகின்றது. எண்ணெய் பார்வைக்கு நன்றாயிருந்த போதிலும் குறித்த மணித்தியாலத்தில் அதனை மாற்ற வேண்டுமென வற்புறுத்துவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

நான்கு குண்டுப் பொறி

தேய்மானத்தை அளந்து எண்ணாற் குறிக்கும் பொறிகளுள் மிகப் பரவலாக வழங்குவது நான்கு குண்டுப் பொறியாகும். ஒல்லாந்து தேசத்தவரான போர்லாகே என்பவர் இதனை 1933 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அரை அங்குல விட்டமுள்ள, அதாவது 12.7 மில்லிமீற்றர் அளவுள்ள, மூன்று உருக்குக் குண்டுகளை ஒரு கிண்ணத்தில் அசையாதவாறு இறுக்கிவைத்து, பரிசோதிக்கும் எண்ணெயை அவை மூழ்க ஊற்றுவர். நான்காவது குண்டு, அடுப்புக்கற்கள் மூன்றின் நடுவே பானை அமர்வது போல, அம்மூன்றின் மீதும் அமர்ந்து சுழலும்.

ஏ.எஸ்.ரீ.எம். டீ 4172 என்னும் முறையின்படி, மேற்குண்டு நிமிடத்துக்கு 1,200 தடவை சுழலும். எண்ணெயின் வெப்பநிலை 75 பாகை செல்சியசு. சுமை 15 அல்லது 40 கிலோகிராம். காலம் 60 நிமிடம். பின்னர் கீழ்க்குண்டுகளை எடுத்து, அவற்றில் உண்டான வட்டத் தழும்பினை நுணுக்குக்காட்டியின் கீழ் அளப்பர். ஒவ்வொரு தழும்பும் இரு திசைகளில் அளக்கப்படும். இவ்வாறு கிடைக்கும் ஆறு அளவுகளின் சராசரியே அவ்வெண்ணெய் பெறும் புள்ளியாகும். 0.40 என்பது 0.40 மில்லிமீற்றர் விட்டமுள்ள தழும்பு. பாடசாலைப் பரீட்சைக்கு மாறாக இங்கே புள்ளி குறைந்தவனே கெட்டிக்காரன்.

இதே பொறியில் வேறொரு பரிசோதனையும் உண்டு. நிமிடத்துக்கு 1,760 சுழற்சியில் 10 விநாடி மட்டும் ஓட்டி, ஒவ்வொரு தடவையும் புதிய குண்டுகளை இட்டுச் சுமையைப் படிப்படியாகக் கூட்டிச் செல்வர். ஒரு சுமையில் நான்கு குண்டுகளும் உருகி ஒன்றாய் ஒட்டிக்கொள்ளும். அச்சுமையே ஒட்டுச்சுமை எனப்படும். இங்கே எண் உயர்ந்ததே நல்லது. முதற் பரிசோதனையில் முன்னிற்கும் எண்ணெய் இரண்டாவதிலும் முன்னிற்க வேண்டுமென்ற நியதி இல்லை. மெதுவாக நெடுநேரம் தேய்வதைத் தடுத்தல் ஒரு குணம்; திடீரென வரும் பெருஞ்சுமையில் ஒட்டிப்போகாது காத்தல் வேறொரு குணம். கியர்ப் பல்லுக்குப் பின்னையது பெரிதும் வேண்டும். பிஸ்ரன் றிங்குக்கு முன்னையது வேண்டும். ஆகவே ஒருவர் "நான்கு குண்டுப் பரிசோதனையில் முதலிடம்" எனக் கூறின், "எந்தப் பரிசோதனையில்?" என்று கேளுங்கள்.

இரு எண்களை ஒப்பிடும் விதம்

தொடக்கத்தில் கூறிய 0.40, 0.60 என்னும் எண்களை இப்போது ஆராய்வோம்.

இரண்டாவது எண் முதலாவதின் ஒன்றரை மடங்கு என்பது வெளிப்படை. எனினும் இழந்த உலோகம் ஒன்றரை மடங்கன்று. உருண்டையான பொருளில் விழும் தழும்பு அகலும்போது ஆழமும் சேர்ந்தே கூடுகின்றது. கணக்கிட்டுப் பார்த்தால், தேய்ந்த உலோகத்தின் கனவளவு தழும்பு விட்டத்தின் நாலாம் அடுக்கைப் பொறுத்து உயரும். விட்டம் இருமடங்காயின் இழந்த உலோகம் பதினாறு மடங்கு. விட்டம் ஒன்றரை மடங்காயின் ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆகவே தழும்பில் தோன்றும் சிறு வேற்றுமையை அலட்சியஞ் செய்தல் ஆகாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 40 கிலோகிராம் சுமையில் குண்டின் மீது குண்டை அமுக்கினாலே, சுழற்றாமல், அவை தொடும் பரப்பு ஏறக்குறைய 0.30 மில்லிமீற்றர் விட்டமுள்ளதாக இருக்கும். அது தேய்மானமன்று, அமுக்கத்தால் உருக்குச் சற்றே நெகிழ்ந்து கொடுப்பதன் அளவு. எனவே 0.30 என்பது ஏறத்தாழ அடிமட்டமாகும். இதே சுமையில் 0.10 பெற்ற அற்புத எண்ணெய் என்று ஒருவர் கூறின், அவர் பரிசோதனையை அறியாதவர் என்று கொள்ளலாம்.

மிக முக்கியமானது இனிக் கூறுவது. ஒரே எண்ணெயை ஒரே ஆள் ஒரே பொறியில் இரு தடவை பரிசோதித்தாலும் இரு விடைகள் சரியாகப் பொருந்துவதில்லை. நெல்லை ஒரே பறையால் இருமுறை அளந்தாலும் ஒரு கைப்பிடி கூடிக் குறைவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இந்த முறையில் அவ்வேற்றுமை எவ்வளவு வரை இருக்கலாம் என்பது விதியிலேயே குறிக்கப்பட்டுள்ளது. ஒரே ஆய்வுகூடத்தில் 0.12 மில்லிமீற்றர் வரையும், இரு வேறு ஆய்வுகூடங்களுக்கிடையில் 0.28 மில்லிமீற்றர் வரையும் வேற்றுமை தற்செயலாகவே நேரலாம். ஆகவே ஒரே ஆய்வுகூடத்தில் 0.40, 0.60 என வந்திருப்பின் வேற்றுமை 0.20, அது 0.12 இலும் கூடியது. உண்மையான வேற்றுமையெனக் கொள்ளலாம். ஆனால் ஒரு கம்பனி தன் ஆய்வுகூடத்தில் பெற்ற 0.40 ஐயும், மற்றொரு கம்பனி வேறோரிடத்தில் பெற்ற 0.60 ஐயும் பக்கத்திற் பக்கம் வைத்து ஒப்பிடுவதாயின், அவ்வேற்றுமை 0.28 இலும் குறைந்தது. அதைக்கொண்டு ஒன்று சிறந்தது, ஒன்று தாழ்ந்தது எனத் தீர்ப்புக் கூற இடமில்லை. 0.42 பெற்றது முதலிடம், 0.45 பெற்றது இரண்டாமிடம், 0.48 பெற்றது மூன்றாமிடம் என்று நிரைப்படுத்திய அட்டவணையைக் கண்டால், மூன்றும் சமமென்றே எண்ணிக்கொண்டு விலையைப் பாருங்கள்.

இவ்வளவும் அறிந்த பின்னரும் ஒன்று எஞ்சி நிற்கின்றது. குண்டுப் பொறியில் தூசி இல்லை, புகைக்கரி இல்லை, எரிபொருள் கலப்பதில்லை, குளிரில் தொடக்கி வெயிலில் ஓட்டுவதில்லை. அது புதிய எண்ணெயின் ஒரு குணத்தை ஒரு மணித்தியாலம் பார்க்கின்றது. எண்ணெய் தயாரிப்போர் நூறு கலவைகளுள் தகாதவற்றை விரைவிற் கழித்துவிடுவதற்கு அது மிக நல்ல கருவி. உங்கள் எஞ்சினுக்கு எண்ணெய் தெரிவதற்கு அது மட்டும் போதாது.

கண்காட்சிச் சோதனை

சந்தைகளிலும் கண்காட்சிகளிலும் எண்ணெயிற் கலக்கும் திரவங்களை விற்போர் ஒரு சிறு பொறியை மேசைமீது வைத்துக் காட்டுவதுண்டு. மோட்டரினால் சுழலும் உருக்கு வளையம் ஒன்று. அதன்மீது நெம்புகோலால் அமுக்கப்படும் உருக்குத் துண்டு ஒன்று. சாதாரண எண்ணெயில் நெம்புகோலை இழுத்தவுடன் வளையம் கிரீச்சிட்டு நின்றுவிடும். போத்தலிலிருந்து சில துளி திரவத்தை ஊற்றியதும், எவ்வளவு அமுக்கினும் நில்லாது சுழலும். சுற்றி நிற்போர் வியப்புறுவர், போத்தல் விலைப்படும்.

இப்பொறி டிம்கென் என்னும் பெயரால் வழங்கும் ஆய்வுகூடப் பரிசோதனையைப் போலத் தோற்றமளிக்கின்றது. உண்மையான பரிசோதனையில் வேகம், வெப்பநிலை, எண்ணெய் பாயும் அளவு, சுமை, 10 நிமிடக் காலம் எல்லாம் வரையறுக்கப்பட்டுள்ளன. கீறல் விழாது தாங்கும் மிகக் கூடிய சுமையே விடையாக எடுக்கப்படும். மேசைப் பொறியில் இவை எவையும் இல்லை. மேலும் இத்திரவங்கள் சிலவற்றிற் குளோரீன் சேர்ந்த பரபின் உண்டு. குளோரீன் உருக்கின் மீது விரைவில் ஒரு வழுக்குப் படையை உண்டாக்குவதால் இவ்வகைச் சோதனையில் அது வெல்வது இயல்பு. ஆனால் எஞ்சினுள் வெப்பமும் ஈரமும் சேர்ந்தபோது அதிலிருந்து உப்பமிலம் தோன்றிப் பேரிங்குகளை அரிக்கக்கூடும். தலைக்குத் தேய்க்கும் ஷாம்புவும் இம்மேசைப் பொறியில் நல்ல எண்ணெயை வென்றதுண்டு. அதற்காக எவரும் எஞ்சினுக்கு ஷாம்பு ஊற்றுவதில்லை.

1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு, இத்தகைய கலவைத் திரவங்கள் சிலவற்றை விற்றோர் மீது, தேய்மானம் குறையுமெனக் கூறியதற்குப் போதிய ஆதாரம் இல்லையென நடவடிக்கை எடுத்தது. தகுந்த தரமுள்ள எண்ணெயில் வேண்டிய சேர்வைகள் வேண்டிய அளவிற் சேர்க்கப்பட்டே வருகின்றன. மேலதிகமாக எதனையும் ஊற்றவேண்டாம் என்பதே எமது அபிப்பிராயம். அப்பணத்துக்கு எண்ணெயை ஒருமுறை முன்கூட்டி மாற்றிவிடலாம்.

எஞ்சினையே ஓட்டிப் புள்ளியிடல்

நம்பத்தக்க புள்ளி, உண்மையான எஞ்சினையும் உண்மையான பற்சில்லையும் ஓட்டிப் பெறுவதாகும்.

கியர் எண்ணெய்க்கு ஜேர்மனியின் மியூனிக் நகரிலுள்ள பற்சில்லு ஆராய்ச்சி நிலையத்தின் பெயரால் எப்.இசட்.ஜீ. பரிசோதனை வழங்குகின்றது. ஒரு சோடிப் பற்சில்லுகளை எண்ணெயில் ஓட்டி, 12 படிகளாகச் சுமையைக் கூட்டுவர். ஒவ்வொரு படியும் 15 நிமிடம். நான்காம் படியிலிருந்து ஒவ்வொரு படி முடிவிலும் பற்களைப் பார்வையிடுவர். சிறிய பற்சில்லின் பற்களில் விழுந்த உரசற் காயங்களின் அகலமெல்லாம் கூட்டி ஒரு பல்லின் அகலமான 20 மில்லிமீற்றரை எட்டும் படியே தோல்விப் படியாகும். 12 ஆம் படியையும் தாண்டிய எண்ணெய் மிக நல்லது.

எஞ்சின் பரிசோதனையில் இரு வகைப் புள்ளிகள் உண்டு. ஒன்று அளந்து பெறுவது. கார் எஞ்சின் எண்ணெய்களுக்கான நான்காம் வரிசை "ஏ" என்னும் பரிசோதனையில், ஜப்பானிய 2.4 லீற்றர் பெற்றோல் எஞ்சின் ஒன்றை 100 மணித்தியாலம் ஓட்டிய பின், கேம் தண்டின் 12 மூக்குகளையும் ஒவ்வொன்றும் 7 இடங்களில் அளந்து தேய்மானங் கணிப்பர். 2010 ஆம் ஆண்டில் வந்த எஸ்.என். என்னும் தரத்துக்குச் சராசரித் தேய்மானம் 90 மைக்கிரோ மீற்றருக்கு மேற்படலாகாது. ஒரு மைக்கிரோ மீற்றர் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு பங்கு.

மற்றையது கண்ணாற் பார்த்து இடுவது. எஞ்சினைக் கழற்றி, பிஸ்ரனின் பக்கங்களிலும் மூடிகளிலும் படிந்த கரியையும் பிசினையும் பயிற்சி பெற்றவர் பார்த்து, மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு, 10 முதல் 0 வரை புள்ளியிடுவர். 10 என்பது முற்றிலும் சுத்தம். சில டீசல் பரிசோதனைகளில் இதற்கு மாறாகக் குற்றப்புள்ளி இடுவர். அங்கே எண் குறைந்ததே நல்லது. எண்ணைக் காணுமுன் அது எத்திசையில் ஓடுவதென்பதை அறிந்துகொள்ளல் வேண்டும்.

பல அளவுகளைக் கூட்டி ஒரே புள்ளியாக்கும் முறையும் உண்டு. பார வண்டிகளின் டீசல் எண்ணெய்க்கான மாக் ரீ-12 என்னும் பரிசோதனையில் லைனரின் தேய்மானம், மேல் றிங் இழந்த நிறை, பேரிங்கிலிருந்து எண்ணெயிற் கலந்த ஈயம், எரிந்துபோன எண்ணெயின் அளவு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பங்கு கொடுத்துக் கூட்டுவர். 2006 இல் வந்த சீ.ஜே.-4 தரத்துக்கு மொத்தம் 1,000 புள்ளியேனும் வேண்டும். ஆனால் இவற்றுள் ஏதேனும் ஒன்று தன் எல்லையைக் கடந்துவிடின் மொத்தம் எவ்வளவாயினும் தேர்ச்சி இல்லை. இது நியாயமான ஏற்பாடு. பேரிங் அரித்துப்போன எஞ்சினுக்கு, லைனர் நன்றாயிருக்கின்றது என்பதால் என்ன பிரயோசனம்?

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

இப்பரிசோதனைகளின் எண்களையெல்லாம் கமக்காரர் மனனஞ் செய்ய வேண்டியதில்லை. அவற்றிற் தேறியதன் அடையாளம் தகரத்திலேயே இரண்டெழுத்தாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஏ.பி.ஐ. என்பது அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் சுருக்கம். அதன் வட்ட முத்திரையின் மேற்பாதியில் தரமும், நடுவில் தடிப்பும் குறிக்கப்பட்டிருக்கும். "எஸ்" என்று தொடங்குவது பெற்றோல் எஞ்சினுக்கு, "சீ" என்று தொடங்குவது டீசலுக்கு. அடுத்த எழுத்து அகரவரிசையிற் பிந்திச் செல்லச் செல்லத் தரம் பிந்தியது, பொதுவாகக் கடுமையான பரிசோதனைகளிற் தேறியது. இரண்டு சில்லு உழவு இயந்திரங்கள் பலவற்றின் கைந்நூலிற் காணப்படும் சீ.டீ., சீ.எப். என்பன பழைய தரங்கள். சீ.எப். தரத்துக்கு அந்நிறுவனம் அனுமதி வழங்குவது 2010 இல் நிறுத்தப்பட்டது. சீ.ஐ.-4 எண்ணெயை சீ.டீ., சீ.எப்.-4, சீ.எச்.-4 ஆகியவற்றுக்குப் பதிலாக உபயோகிக்கலாம் என அந்நிறுவனமே குறித்துள்ளது. கைந்நூல் சீ.எப். எனக் கூறின் இயந்திரத்தின் முகவரைக் கேட்டுத் தெரிந்துகொள்க.

தடிப்பு வேறு, தரம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். "40 ஆம் எண்ணெய் 30 ஆம் எண்ணெயிலும் நல்லது" என்பது தவறு. எஸ்.ஏ.ஈ. 30, எஸ்.ஏ.ஈ. 40 என்பன 100 பாகை வெப்பத்தில் எண்ணெய் எவ்வளவு தடிப்பாக நிற்கின்றது என்பதை மட்டுமே கூறுகின்றன. 15டபிள்யூ-40 என்பது குளிரில் மெல்லியதாகவும் சூட்டில் 40 ஆகவும் நிற்பது. எஞ்சின் கேட்பதிலும் தடித்த எண்ணெயை ஊற்றின், காலையில் தொடக்கிய முதல் நிமிடங்களில் எண்ணெய் வேண்டிய இடத்துக்குத் தாமதமாகவே செல்லும்.

சிறிய நீரிறைக்கும் இயந்திரங்களைப் பற்றிச் சிறப்பாக ஒரு வார்த்தை. இவற்றுட் பெரும்பாலானவற்றில் எண்ணெய்ப் பம்பியும் இல்லை. எண்ணெய் வடியும் இல்லை. அடியிலுள்ள அரை லீற்றருக்குச் சற்று அதிகமான எண்ணெயை ஒரு சிறு அகப்பை அடித்துத் தெறித்துவிட, அத்தெறிப்பிலேயே எஞ்சின் பிழைக்கின்றது. தேய்ந்த உலோகத் துகளும் கரியும் எங்கும் போக வழியின்றி அவ்வெண்ணெயிலேயே சுழன்றுகொண்டிருக்கும். எண்ணெய் குறைவாகையால் அது விரைவில் அழுக்குறும். இவ்வியந்திரங்களுக்கு விலையுயர்ந்த எண்ணெயை ஊற்றி நெடுநாள் விட்டுவைத்தலிலும், தரத்துக்கேற்ற சாதாரண எண்ணெயைக் காலந்தவறாது மாற்றுதலே மேலானது.

மண்ணெண்ணெயில் ஓட்டுவோர் இன்னொன்றையுங் கவனித்தல் வேண்டும். முற்றாக எரியாத மண்ணெண்ணெய் றிங்குகளைக் கடந்து கீழிறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும். மட்டக்கோலில் எண்ணெய் குறையாதிருப்பதைக் கண்டு மகிழ்வோர் உளர். குறையாதிருப்பதும், அதிலும் உயர்ந்து செல்வதும் நல்ல அறிகுறியன்று. கோலை முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் மணம் வீசுமாயின் எந்தப் பரிசோதனையிற் முதலிடம் பெற்ற எண்ணெயாயினும் அது பயனற்றது, உடனே மாற்றுக.

உங்கள் எஞ்சினுக்கு ஒரு புள்ளிக் கொப்பி

ஆய்வுகூடத்தில் எண்ணெய்க்குப் புள்ளியிடுவது போலவே உங்கள் எஞ்சினிலும் நீங்கள் புள்ளியிடலாம். இதற்கு ஒரு கொப்பியும் பென்சிலும், ஒரு காந்தமும், அளவுக் கோப்பை ஒன்றும் போதுமானவை.

முதலாவதாக மணித்தியாலம். எஞ்சின் ஓடிய நேரத்தை நாடோறும் எழுதுக. பெரும்பாலான சிறிய டீசல் எஞ்சின்களுக்கு, முதன்முறை மாற்றிய பின்னர், 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டுமெனக் கைந்நூல்கள் கூறும். கூலிக்கு உழுவோரின் இயந்திரம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் ஓடுமாயின், 13 நாளில் அவ்வெல்லை வந்துவிடும். "போகத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன்" என்பவர், காலபோக உழவு முடியுமுன்னரே பன்மடங்கு பிந்திவிடுகின்றார். எழுதி வையாதவருக்கு இது தெரிவதில்லை.

இரண்டாவதாக, ஊற்றிய எண்ணெய். ஒவ்வொரு முறையும் குறை நிரப்பும்போது எத்தனை மில்லிலீற்றர் என்று அளந்து எழுதுக. 100 மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று கணக்கிடுக. எடுத்துக்காட்டாக, சென்ற போகத்தில் 300 மில்லிலீற்றரும் இப்போகத்தில் 600 மில்லிலீற்றரும் சென்றிருப்பின், கசிவு இல்லையெனக் கண்டபின், றிங்குகளும் லைனரும் தேய்ந்துவிட்டன என ஊகிக்கலாம். கமக்காரருக்கு எளிதிற் கிடைக்கும் தேய்மான அளவுகளுள் இதைப் போன்று நேர்மையானது வேறில்லை.

மூன்றாவதாகக் காந்தம். பழைய எண்ணெயைச் சூட்டோடு ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் சிறிது வடித்து, கடதாசியில் சுற்றிய காந்தத்தை அதில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டுதல் வழமை. கண்ணுக்குத் தனித்தனியே தெரியும் செதில்களோ ஊசித் துகள்களோ ஒட்டினால் இயந்திரத்தை அடுத்த நாள் வயலுக்குக் கொண்டு செல்லாமல் கராஜுக்குக் கொண்டு செல்லுங்கள். எண்ணெயிலிருந்து உருக்காத, மஞ்சள் நிற மினுக்கம் தெரியின் அது பேரிங் அல்லது பித்தளைப் புசின் துகள். அது காந்தத்தில் ஒட்டாது. தட்டைச் சாய்த்து வெயிலிற் பார்த்தல் வேண்டும்.

எண்ணெயை மாற்றும்போது ஒரு துளியை வடிகட்டும் தாளில் இட்டு ஒரு நாள் விட்டுப் பார்த்தலும் நன்று. கறுப்புத் துளி பரந்து ஓரத்தை நோக்கி மெல்ல வெளுத்துச் செல்லுமாயின் எண்ணெய் கரியைத் தாங்கும் ஆற்றலை இன்னும் இழக்கவில்லை. நடுவில் தார் போன்ற கறுப்புப் பொட்டும் சுற்றிவரத் தெளிந்த வளையமும் நின்றால் அவ்வாற்றல் முடிந்துவிட்டது. அடுத்த முறை முன்கூட்டியே மாற்றுக. எண்ணெய் கறுப்பாக இருப்பது மட்டும் குற்றமன்று. டீசல் எஞ்சினில் கரியைத் தன்னுள் ஏற்றுக்கொள்வது நல்ல எண்ணெயின் வேலை.

கைப்பிடி சுற்றித் தொடக்கும் இயந்திரமாயின், குளிர்ந்த நிலையில் அமுக்கம் கைக்கு எவ்வாறு தெரிகின்றதென்பதையும் போகத்துக்கு ஒருமுறை குறிக்கலாம். இதனை ஒரே ஆள் செய்தல் வேண்டும். தகப்பன் கைக்கும் மகன் கைக்கும் வேற்றுமை உண்டு.

இவற்றையெல்லாம் கூட்டி ஒரே எண்ணாக்க முயல வேண்டாம். மாக் பரிசோதனையைப் போல, ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் நிற்கின்றதா என்று பார்த்தலே போதும்.

எண்ணெயை மாற்றிப் பார்த்து எது நல்லது எனத் தீர்மானிக்க விரும்புவோர், ஒரு போகத்தில் ஓர் எண்ணெய், மறு போகத்தில் வேறோர் எண்ணெய் எனச் செய்து தீர்ப்புக் கூறல் ஆகாது. சிறுபோகத்துத் தூசியும் காலபோகத்து மழையும் ஒன்றல்ல. சூடடிக்கும் நாட்களில் எழும் வைக்கோற் தூசியும் உமியும் எஞ்சினுக்கு எண்ணெய் வேற்றுமையிலும் பன்மடங்கு தீங்கு செய்வன. உமியிற் சிலிக்கா மிகுதியாக உண்டு. காற்று வடியைக் கடந்து அது உட்புகுமாயின் லைனரை அரத்தாள் போலத் தேய்க்கும். காற்று வடியைக் கழுவாது விட்டுவிட்டு எண்ணெயைக் குறைகூறுதல் நீதியன்று. சூடடிக்கும் காலத்தில் எண்ணெய்க் குளியல் வடியை நாடோறும் திறந்து பார்த்து, அடியிற் சேறு படிந்திருப்பின் எண்ணெயைக் கொட்டிக் கழுவிப் புதிதாக ஊற்றுக. வடியின் குழாய் இணைப்புகள் இறுக்கமாக உள்ளனவா என்பதையும் கையால் தடவிப் பாருங்கள். ஒரே எண்ணெயை இரு காலபோகங்களிலும் வைத்து, காற்று வடியின் பராமரிப்பையும் ஒரே சீராக நடத்தி, அதன் பின்னரே வேறோர் எண்ணெயுடன் அடுத்த காலபோகத்தை ஒப்பிடுக. அதற்கு மூன்று வருடம் செல்லும். குண்டுப் பொறியின் ஒரு மணித்தியாலத்தோடு ஒப்பிடும்போது இது நெடுங்காலமே. எனினும் அக்கொப்பியில் வரும் எண் உங்கள் வயலிலும் உங்கள் கிணற்றடியிலும் ஓடிய எஞ்சினின் எண்ணாகும்.

வடித்தெடுத்த பழைய எண்ணெயைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம். அதிற் கரைந்துள்ள உலோகமும் கரியும் தோலுக்கும் குடிநீருக்கும் கேடானவை. சூடடிக்கும் பொறியின் பேரிங்குகளுக்கு அதனை விடுவதும் ஆகாது. அதிலுள்ள துகள்கள் அங்கேயும் தேய்க்கும். மூடியுள்ள கலனிற் சேர்த்துவைத்து, பழைய எண்ணெய் சேகரிக்கும் கராஜிலோ எரிபொருள் நிலையத்திலோ கொடுத்துவிடுக. எத்தனை லீற்றர் ஊற்றினீர்கள், எத்தனை லீற்றர் வடித்தீர்கள் என்பதையும் அன்றே கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.